எட்டு பவுண்டுக்கு நின்றுகொண்டே கேட்டது

சித்திரை பிறந்தால் எங்கள் குமரி மாவட்ட அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோயில் கொடைவிழா. கொடை என்றால் குழாய் ஒலிபெருக்கி. இந்த ஆண்டு பக்கத்துத் தெருக்காரர்கள் என் வீட்டு ஜன்னலுக்கு நேரே இருக்கும் தென்னைமரத்தில் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். மூன்று நாளும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நான் நினைத்துக்கொண்டிருந்தது லண்டனைத்தான். கோபத்தில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு அங்கே வேலை. ஒரு கோடையில் ஒன்றரை மாதம் அவளோடு போய் இருந்தேன். ஜூலை நடுவில் தொடங்கிச் செப்டம்பர் வரை எட்டு வாரம் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ப்ராம்ஸ் என்ற இசைவிழா நடக்கிறது. அநேகமாகத் தினமும் கச்சேரி. “உட்காரும் டிக்கெட் விலை கூடுதல் அப்பா. நின்றுகொண்டு கேட்டால் எட்டு பவுண்டுதான். நிற்பீர்களா?” என்றாள். “வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் வரை பஸ்ஸில் நின்றே போனவன் நான், மக்களே” என்றேன்.

உள்ளே போன பிறகுதான் அந்த ஊரின் நியாயம் புரிந்தது. மேடைக்கு நேர் முன்னால் நாற்காலியே இல்லாத வட்டத் தரை. எட்டு பவுண்டுக்காரர்களுக்குத்தான் அந்த இடம். வயலின்காரரின் சட்டைப் பொத்தானை எண்ணிவிடலாம். காசு கூடக் கொடுத்தவர்கள் நமக்குப் பின்னாலும் மேலேயும் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மேல்மாடத்தில் நிற்கும் டிக்கெட்காரர்கள் சிலர் விரிப்பைப் போட்டுப் படுத்தே கேட்கிறார்கள். நம் ஊர் விழாக்களில் முதல் வரிசை சோபா யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். அந்த சோபாவில் இருப்பவர் மூன்றாம் பாட்டில் எழுந்து போவதும் தெரியும்.

இந்த ஏற்பாடு 1895-இல் தொடங்கியது. ராபர்ட் நியூமன் என்பவர் குவீன்ஸ் ஹால் என்ற அரங்கத்தில், கனமான இசையைச் சாதாரண ஜனங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம் என்று ஆரம்பித்தார். நிற்க ஒரு ஷில்லிங். சாப்பிடலாம், குடிக்கலாம், சுருட்டும் பிடிக்கலாம். யாராவது பாடும்போது மட்டும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. இதற்குப் பணம் போட்டவர் கேத்கார்ட் என்ற தொண்டை டாக்டர். இரண்டு நிபந்தனை விதித்தார். இளைஞரான ஹென்றி வுட்தான் மேடையில் நின்று இசைக்குழுவை நடத்தவேண்டும், சுருதியைக் குறைக்கவேண்டும். அப்போது இங்கிலாந்தில் சுருதி மற்ற நாடுகளைவிட ஏறியிருந்தது. பாடகர்களின் தொண்டை போகிறது என்பது அவர் கவலை. நமக்கு அப்படி ஒரு காது டாக்டர் கிடைக்கமாட்டாரா என்று தென்னைமரத்தைப் பார்த்து இப்போது நினைக்கிறேன். குவீன்ஸ் ஹால் 1941-இல் குண்டு விழுந்து அழிந்ததும் விழா இந்த அரங்கத்துக்கு வந்தது.

நான் போன அன்று டிவோர்ஷாக் என்ற செக் நாட்டு இசையமைப்பாளரின் ஒன்பதாம் சிம்பொனி. 1893-இல் நியூயார்க்கில் இருந்து எழுதியது. ஏறக்குறைய எண்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஓபோ என்ற குழலிலிருந்து ஒரே ஒரு சுரம் எழுந்தது. மற்றவர்கள் அதைப் பிடித்துச் சுருதி சேர்த்தார்கள். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போலத்தான், ஆனால் வாசிப்பு தொடங்கியதும் அந்தச் சுரம் நின்றுவிடுகிறது. மேலே மைக்குகள் தொங்கின. நமக்காக என்று நினைத்தேன். இல்லை, வானொலி ஒலிபரப்புக்காம். ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கத்தில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒலிபெருக்கி கிடையாது.

இரண்டாம் பகுதியில் பித்தளைக் குழல்கள் மெல்ல எழுந்து அடங்கியதும், ஓபோவுக்கு அக்கா போல நீண்ட ஒரு குழலில் மெட்டு வந்தது. இங்கிலிஷ் ஹார்ன் என்கிறார்கள். அதை நான் எத்தனையோ தடவை போனில் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் குழலை வைத்திருந்த பெண் ஊதுவதற்கு முன்னால் தோளை இறக்கி மூச்சை எடுத்தது போனில் இல்லை. அந்தப் பகுதி முடிகிற இடத்தில் ஒவ்வொருவராக வில்லை எடுத்துவிட, கடைசியில் டபுள் பேஸ் என்ற ஆளுயர வயலின்கள் மட்டும் மிஞ்சின. ராத்திரி முட்டம் கடல் இரண்டு மைல் தள்ளி இரைவது போல ஓர் ஒலி. காதில் கேட்டதா, நின்றிருந்த பலகை வழியாகக் காலில் ஏறியதா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைக் கேட்க ஐயாயிரம் பேரும் இருமலை அடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

என் கண் அதிகம் போனது பின்வரிசைக்கு. டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை மடியில் வைத்திருந்தவருக்கு முழு சிம்பொனியிலும் 14 சுரங்கள்தான். சிம்பல் என்ற பெரிய தாளத்துக்கு, நம்பமாட்டீர்கள், கடைசிப் பகுதியில் ஒரே ஒரு தட்டு. அதுவும் ஓங்கி அடிப்பதில்லை. சிங்காரி மேளத்தில் இலத்தாளக்காரருக்குக் கை ஓயாது. இந்த சிம்பல்காரர் எழுந்து, தகடுகளைப் பட்டும் படாமலும் இழைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்கூடக் கவனித்திருக்கமாட்டார். முக்கால் மணிநேர இசையில் ஒரு தட்டுக்கு ஓர் ஆள் சம்பளமா என்று நம் விழாக் கமிட்டி கேட்கும். முழங்கால் வலி, தெரியும், மறைக்கவில்லை. மூன்றாம் பகுதியில் சுவரோரம் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன்.

“அது வெள்ளைக்காரன் இசை, நமக்கெதற்கு” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வயலினும் அங்கிருந்து வந்ததுதான். 1834-இல் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் இசைக்கலைஞர் தஞ்சை வடிவேலுவுக்கு யானைத் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தபோது நம் முன்னோர் அவருடைய குடிகள். இந்த மாவட்டத்தில் நான்கு குரல் பிரித்துப் பாடத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நானே மிஷன் பள்ளியில் பாடகர் குழுவில் டெனர் என்ற ஆண் மேல்குரல் பாடியவன். மைக் இல்லாமல்தான் பாடினோம். பக்கத்துப் பையனின் குரலைக் கேட்டுக்கொண்டே பாடவேண்டும், கேட்காவிட்டால் வாத்தியார் காதைப் பிடிப்பார். இன்று அதே மாதிரிக் குழுக்களுக்கு ஆளுக்கொரு மைக். தன் குரலைத் தவிர வேறு எதுவும் ஒருவருக்கும் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருக் கொடையில் தீபாராதனை நேரத்தில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. நாதஸ்வரக்காரர் நிறுத்தவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் பேச்சை விட்டார்கள், தெருமுனையில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள், குழந்தைகள் தவிலுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாதஸ்வரத்துக்கு மைக் வைப்பதைப் போல ஓர் அபத்தம் உண்டா?

அதை நினைத்துத்தான் கமிட்டிக் கூட்டத்தில் கேட்டேன்: அடுத்த கொடையில் ஒரு சாயங்காலம், ஒரே ஒரு மணிநேரம், குழாயை அணைத்துவிட்டு நாதஸ்வரமும் தவிலும் மட்டும். வேண்டுமானால் எல்லோரும் நின்றே கேட்போம். ஒருவர் சிரித்தார். செயலாளர் மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னார். “அண்ணாச்சி, கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுத்தவன் வீட்டுக்குள் இருந்தாலும் சத்தம் கேட்கவேண்டாமா?”

நானும் தலைக்கட்டு வரி கொடுத்தவன்தான் என்றேன். மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.