கிரகண இரவில் மறுக்கப்பட்ட தண்ணீர்
சந்திர கிரகணம் என்றாலே, கும்பகோணத்துப் பக்கம் எங்கள் தெருவில் கர்ப்பிணிகளை இருட்டறைக்குள் அடைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. 2025 செப்டம்பர் 7 அன்று இரவு 11 மணி முதல் 82 நிமிடங்கள் நிலவு முழுவதுமாகப் பூமியின் நிழலுக்குள் இருந்தபோது, ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியான என் தங்கை, ஜன்னலையும் சாத்திய அறையில் புழுக்கத்தில் நா வறண்டு கிடந்தாள். அடுக்களையில் குடத்தின் வாயில் தர்ப்பை கிடந்தது. பூமியின் காற்றுமண்டலம் நீல ஒளியைச் சிதறடித்துவிட்டு, சிவப்பொளியை வளைத்து நிலவின்மீது விழச் செய்வதால்தான் அது செம்பு நிறமாகத் தெரிகிறது. சூரிய கிரகணத்தைப் போலன்றி, இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். திருநாகேஸ்வரத்து ராகுவை நானும் கும்பிடுகிறவன்தான். அந்த பக்திக்காக, வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவளுக்கு ஒரு வாய் தண்ணீரை மறுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.