சொந்தப் பொறுப்பில் இறங்கச் சொல்லும் பலகை

மூன்று நாட்களாக அந்த விடுதிக் குளத்துக் காணொளி எல்லோருடைய பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. விடுதியின் நீச்சல் குளத்தில் ஒரு பிள்ளை மூழ்கி இறந்ததைக் குளக்கரைக் கேமரா பதிவு செய்த காணொளி அது. எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். இறந்த பிள்ளையைப் பற்றியோ அந்தக் குடும்பத்தைப் பற்றியோ எழுத எனக்கு உரிமை இல்லை. காணொளியின் கீழே வந்த கருத்துகளும் விடுதி நிர்வாகம் கொடுத்த விளக்கமும்தான் என்னை எழுத வைத்திருக்கின்றன. ‘சொந்தப் பொறுப்பில் இறங்கவும்’ என்று பலகை வைத்திருந்தோம் என்கிறது நிர்வாகம். உடனே, “பலகைதான் வைத்திருக்கிறார்களே, பெற்றவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று?” என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள்.

பலகை யாரையும் தண்ணீரிலிருந்து தூக்கி வெளியே விடுவதில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதத் தயாராக இருக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு குளத்தைத் திறந்துவிடுகிறவர், அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கென்று ஒரு மனிதரை நிறுத்த வேண்டும். நீச்சல் தெரிந்த, முதலுதவி தெரிந்த, வேறு எந்த வேலையும் இல்லாத ஒரு மனிதரை. அந்தக் குளக்கரையில் கேமரா இருந்திருக்கிறது, அதனால்தான் நாம் எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்க்கிறோம். நடந்துகொண்டிருந்தபோது அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு ஆறு வயது. விடுமுறைக்குப் போன இடத்தில், குளத்தின் விளிம்பில் கால்களைத் தண்ணீரில் விட்டபடி நான் உட்கார்ந்திருந்தேன். என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில், நெஞ்சளவுத் தண்ணீரில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தளம் சரிவானது என்பதையோ, எந்த இடத்தில் ஆழம் தொடங்குகிறது என்பதையோ காட்டுவதற்கு ஒரு கோடோ கயிறோ இல்லை. பக்கத்தில் இருந்த என் நாத்தனார் ஏதோ கேட்டார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். மகளின் தலை பின்னால் சாய்ந்திருந்தது, வாய் நீர்மட்டத்தில் திறந்து மூடிக்கொண்டிருந்தது, முன்முடி கண்களை மறைத்து ஒட்டிக்கிடந்தது. அதை அவள் ஒதுக்கவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

ஆம், சிரித்தேன். என் பிள்ளை மூழ்கிக்கொண்டிருந்ததை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே சிரித்தேன். குளத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணிதான் அவளை இடுப்போடு பிடித்துத் தூக்கினார். துண்டு கொடுக்கும் மேசையிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். “எனக்கு நீச்சல் தெரியாது அக்கா” என்று சொல்லும்போது அவனுக்குக் கை நடுங்கியது. அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை, அவனைத் துண்டு கொடுக்கத்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து, மகள் இன்னும் இருமிக்கொண்டிருந்தபோது, மேலாளர் ஒரு தாளோடு வந்தார். விடுதியின் மீது எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். எப்படியாவது அந்த இடத்தை விட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

நீரில் மூழ்குகிறவர் கத்துவார், கையை வீசுவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் பல ஆண்டுகள் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, நடப்பது வேறு என்று எழுதினார். மூச்சுக்கே காற்று போதாதபோது குரலுக்குக் காற்று ஏது? கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழே அழுத்தப் பார்க்கும், அவற்றை அசைத்து உதவி கேட்க உடல் விடாது. இப்படிப் போராடுவது 20 முதல் 60 விநாடிகள் வரைதான், பிறகு மூழ்கிவிடுவார்கள் என்கிறார் அவர். நான் நாத்தனாருக்குப் பதில் சொன்ன நேரம் அவ்வளவுதான் இருக்கும்.

“நீ பெற்றவள்தானே, நீ பார்த்திருக்க வேண்டாமா?” என்று அப்போதே கேட்டார்கள். சொந்தக்காரர்கள் கேட்டார்கள், இதே முகநூலில் நான் எழுதியபோதும் கேட்டார்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று, என்னைப் பார்த்தே இராத ஒருவர் எழுதினார். கைப்பேசி அறையில் இருந்தது. இதை ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெற்றோர் பார்க்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பார்ப்பது என்னவென்றுதான் எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சி உள்ளவரைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

“நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டு அழைத்துப் போக வேண்டியதுதானே” என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டாயம் கற்றுக்கொடுங்கள், நானும் அந்த ஆண்டே மகளைச் சேர்த்துவிட்டேன். ஆனால் 2002-ல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் அடியில் இருந்த வடிகாலின் உறிஞ்சு விசையில் சிக்கி இறந்தாள். அவள் நன்றாக நீந்தத் தெரிந்தவள். தாயால் இழுத்து எடுக்க முடியவில்லை, இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்த இழுப்பில் வடிகால் மூடி உடைந்த பிறகுதான் உடல் மேலே வந்தது. பிள்ளையைக் காப்பாற்ற முடியாத அந்தத் தாய் வீட்டுக்குள் முடங்கிவிடாமல் போராடியதால், சிறுமியின் பெயரிலேயே 2007-ல் அங்கே சட்டம் வந்தது. பொதுக் குளங்களுக்கெல்லாம் சிக்க வைக்காத வடிகால் மூடி கட்டாயமானது. நீங்கள் தங்கும் விடுதியின் குளத்தில் அந்த மூடி உடைந்திருக்கிறதா, திருகு கழன்றிருக்கிறதா என்று எந்த நீச்சல் வகுப்பு சொல்லிக்கொடுக்கும்?

குளத்தின் ஆழத்தையும் கண்ணால் நம்ப முடியாது. ஒளிவிலகலால் 4 அடித் தண்ணீர் மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 3 அடியாகத்தான் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் பென்சிலைக் கண்ணாடிக் குவளையில் வைத்துப் படிக்கும் பாடம் இது. அது தெரிந்தும் ஆழத்தைக் குறிக்க ஒரு எண் எழுதி வைக்கவில்லையென்றால் அதற்கு அலட்சியம் என்று பெயர். கலங்கிய தண்ணீர் அதைவிட மோசம். 2011-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவரில், உயிர்காப்பாளர்கள் பணியில் இருந்த பொதுக் குளத்திலேயே, மூழ்கிய ஒரு பெண்ணின் உடல் இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. தண்ணீர் அவ்வளவு கலங்கியிருந்தது. அந்த இரண்டு நாளும் அதே குளத்தில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அடித்தளம் தெளிவாகத் தெரியாத குளத்தில் எவரையும் இறங்க விடக் கூடாது, அதற்கு மேல் விவாதிக்க எதுவும் இல்லை.

செலவு கூடும், சிறிய விடுதிகள் தாங்காது என்று சிலர் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். தாங்காவிட்டால் குளத்தை மூடி வையுங்கள். வேலி போட்டால் அழகு கெடும் என்ற வாதத்துக்குப் பதில் எழுதவே எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்துக்கே 1.2 மீட்டர் உயர வேலியும் தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் வேண்டும். பிரான்சில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வேலி, எச்சரிக்கை ஒலி, மூடி, கூரை ஆகிய நான்கில் ஒன்றையாவது வைக்கச் சொல்கிறது. அந்த நாட்டு மக்களுக்கு அழகு பிடிக்காதா என்ன?

என்னை மிகவும் வருத்துவது, இப்படி இறப்பவர்களைப் பற்றி “எல்லாம் விதி” என்று சொல்லிவிடுவது. 2019 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஸ்பெயினில் ஒரு விடுதிக் குளத்தில் தந்தையும் மகனும் மகளும் ஒன்றாக இறந்தார்கள். அவர்களுக்கு நீச்சல் தெரியாது என்று அதிகாரிகள் தரப்பிலிருந்து செய்தி வந்தது. மூவருக்கும் நீச்சல் தெரியும் என்று, கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த அந்தப் பெண் சொல்ல வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் மங்களூருக்கு அருகே ஒரு விடுதிக் குளத்தில் மூன்று இளம்பெண்கள் இறந்தபோதும், ஒருத்தியைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்து மூழ்கினார்கள் என்பதே செய்தி. அங்கே உயிர்காப்பாளர் இல்லை. நீளமான ஒரு கழியோ, கயிறு கட்டிய மிதவை வளையமோ கையெட்டும் இடத்தில் இருந்தால், கரையில் நிற்பவர் தண்ணீரில் இறங்காமலே நீட்ட முடியும். இல்லாவிட்டால் பாசம் உள்ளவர்கள் குதிக்கத்தான் செய்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ல் மட்டும் சுமார் 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஆறு, ஏரி, கிணறு எல்லாம் சேர்ந்த கணக்கு அது என்பது எனக்குத் தெரியும். ஆற்றை யாரும் நமக்கு வாடகைக்கு விடுவதில்லை. குளத்தைக் கட்டியவர் ஒருவர் இருக்கிறார், அதைத் துள்ளலாகப் படம் எடுத்து விளம்பரம் செய்தவர் இருக்கிறார், பணத்தை எண்ணி வாங்கியவர் இருக்கிறார். அங்கே இறந்தால் மட்டும் விதியா?

நான் ஒருதலையாக எழுதுகிறேன் என்று இதற்கும் சொல்வீர்கள். சொல்லுங்கள். அறை பதிவு செய்யும்போது குளத்தில் உயிர்காப்பாளர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார் என்று நான் கேட்பேன். “அதெல்லாம் பயப்பட வேண்டாம் மேடம், நாலு அடிதான்” என்று பதில் வந்தால் அங்கே போவதில்லை. ஆறு வயதில் என் மகளின் உயரம் நாலு அடிகூட இல்லை.

அந்தக் காணொளியைத் தயவுசெய்து இனி எனக்கு அனுப்பாதீர்கள். பின்னணியில் இரண்டு பேர் குளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் பிள்ளை இருக்கும் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். எல்லோரும் அவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.