லிண்ட்க்விஸ்ட்டின் பேய்களும் ஸ்வீடனின் மக்கள்நல அரசும்

திகில் எழுத்தாளர் ஜான் ஐவிடே லிண்ட்க்விஸ்ட்டைப் பற்றிப் பேசும் மதிப்புரைகள் பலவும் அவரை "ஸ்வீடனின் ஸ்டீபன் கிங்" என்றே அறிமுகப்படுத்துகின்றன. புத்தகம் விற்பதற்கு அந்தப் பட்டம் உதவியிருக்கலாம். அவரை வாசிப்பதற்கு அது பெரிதாக உதவவில்லை என்பதே என் எண்ணம். அமெரிக்கத் திகில் நாவலாசிரியரான கிங்கின் சிறுநகரங்களில் தீமை தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கடியில் ஊறிக் கிடக்கிறது. லிண்ட்க்விஸ்ட் தம் முதல் நாவலுக்குக் களமாக்கிய பிளாக்கெபெர்கோ, 1950களில் அரசு திட்டமிட்டு எழுப்பிய ஸ்டாக்ஹோம் புறநகர். பழங்கதை என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லாத, தேவாலயம்கூட இல்லாத ஊர் என்று நாவலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

1968இல் பிறந்த அவர் வளர்ந்ததும் அதே ஊரில்தான். எழுத்துக்கு வருமுன் சீட்டு வித்தை காட்டினார் (நார்டிக் நாடுகளுக்கான போட்டியில் இரண்டாமிடம்), பிறகு பல ஆண்டுகள் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவைக் கலைஞராக மேடையேறினார். பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய அந்த முதல் நாவல் 'லெட் தி ரைட் ஒன் இன்' 2004இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 35.

அந்நாவலை ஒரு சிறுவனுக்கும் ரத்தக்காட்டேரிக்கும் இடையிலான நட்பின் கதை என்று சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் அச்சமூட்டுவது 1981ஆம் ஆண்டின் அந்தக் குடியிருப்புதான். பள்ளி, நூலகம், நீச்சல்குளம், மெட்ரோ ரயில் என அரசு தரவேண்டிய எல்லாவற்றையும் தந்திருக்கிறது. ஆயினும் பன்னிரண்டு வயது ஆஸ்கர் நாள்தோறும் அடிவாங்குவது எந்தப் பெரியவரின் கண்ணிலும் சரியாகப் படுவதில்லை, குடியில் மூழ்கிய ஆண்கள் சீன உணவகத்தில் அமர்ந்து ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். தோமாஸ் ஆல்ஃபிரெட்சன் 2008இல் எடுத்த படத்திற்கு லிண்ட்க்விஸ்ட்டே திரைக்கதை எழுதினார். படம் அழகானது, ஐயமில்லை. ஆனால் நாவலில் ஹோகான் என்ற பாத்திரம் சிறுவர்கள்மீது கொண்டிருக்கும் வக்கிரத்தைப் படம் ஏறக்குறைய மறைத்துவிட்டதால், நூலின் அருவருப்பில் பாதி பனியின் வெண்மையில் காணாமல் போயிற்று.

மக்கள்நல அரசு என்ற பொருளை அவர் நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது 2005இல் வந்த 'ஹேண்ட்லிங் தி அன்டெட்' நாவலில். ஸ்டாக்ஹோமில் அண்மையில் இறந்தவர்கள் எழுந்து வருகிறார்கள். வேறு எழுத்தாளராக இருந்தால் துப்பாக்கிகள் முழங்கியிருக்கும். இங்கே அறிக்கைகளும் செய்தியாளர் சந்திப்புகளும் நடக்கின்றன, திரும்பி வந்தவர்களை எங்கே தங்கவைப்பது, யார் பொறுப்பேற்பது என்று அதிகாரிகள் குழம்புகிறார்கள். பேரனைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்துச் செல்லும் தாத்தா ஒருவருக்கு மட்டுமே என்ன செய்யவேண்டும் என்பதில் குழப்பமில்லை, அதனாலேயே அவரைப் படிப்பது தாங்கமுடியாததாக இருக்கிறது.

அவருடைய மிகச் சிறந்த படைப்பு எது என்று கேட்டால், நாவல்களை விட்டுவிட்டு 'பார்டர்' என்ற கதையைச் சொல்வேன். பயணிகளின் குற்றவுணர்வை மோப்பம் பிடிக்கும் சுங்கத்துறைப் பெண் அதிகாரி, தான் மனித இனமே இல்லை என்று அறிந்துகொள்ளும் கதை அது. அலி அப்பாஸி இயக்கிய அதன் திரைவடிவம் 2018இல் கான் திரைப்பட விழாவின் 'அன் செர்டெய்ன் ரிகார்ட்' பிரிவில் முதற்பரிசு பெற்றது. 2014 முதல் 2017 வரை வந்த மூன்று நாவல் வரிசையை அதே ஆர்வத்தோடு என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. புல்வெளியன்றி வேறெதுவும் இல்லாத வெளியில் விடுமுறை முகாமில் தங்கியிருந்தவர்களை இறக்கிவிடும் முதல் பாகத்தின் கற்பனை அபாரமானது, எனினும் புதிர் விரிய விரிய மனிதர்கள் மெலிந்துபோகிறார்கள்.

2021இல் வந்த 'தி கைண்ட்னஸ்' நாவலில் அவர் மீண்டும் தம் களத்திற்குத் திரும்பினார். நோர்டெல்யே நகரின் துறைமுகத்தில் கைவிடப்பட்ட கண்டெய்னர் ஒன்றில் அகதிகளின் சடலங்கள் கிடக்கின்றன. அதிலிருந்து கசிவது ஆற்றில் கலந்தபின் ஊராரிடம் பரிவு வற்றத் தொடங்குகிறது. 'ஹேண்ட்லிங் தி அன்டெட்' 2024இல் நார்வேயில் படமானபோது மூன்று குடும்பங்களின் துக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அரசின் திண்டாட்டத்தைப் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். அந்தத் திரைக்கதையில் லிண்ட்க்விஸ்ட்டுக்கும் பங்குண்டு என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.