வீட்டுக்கு வரும் செஃபும் நடுவில் நிற்கும் தளமும்

எட்டு விருந்தினர் கூடத்தில் அமர்ந்திருந்த ஒரு மாலையில், முன்பின் அறியாத ஒருவர் எங்கள் வீட்டுச் சமையலறையின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பெரிய வடிகட்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். தேநீர் வடிகட்டியைத் தவிர வேறெதுவும் எங்கள் வீட்டில் இல்லை என்பதை நானும் அப்போதுதான் அறிந்தேன். வீட்டுக்கே வந்து சமைத்துப் பரிமாறும் செஃப்களைப் பட்டியலிட்டுத் தரும் இணையதளம் ஒன்றின் வழியாக அவரை முன்பதிவு செய்திருந்தேன். புகைப்படங்களைப் பார்த்து, மூன்று மெனுக்களில் ஒன்றைத் தேர்ந்து, தலைக்கு இவ்வளவு என்று காட்டிய தொகையைக் கட்டியதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் அடுப்பில் எத்தனை பர்னர்கள் இருக்கின்றன என்று அந்தத் தளம் எந்தப் பக்கத்திலும் கேட்கவில்லை. நான்கு இருக்கும் என்று எண்ணி வந்தவருக்கு இரண்டுதான் கிடைத்தன. கையோடு கொண்டுவந்திருந்த இண்டக்ஷன் அடுப்பை அவர் மின்னடுப்பு (ஓவன்) ஓடிக்கொண்டிருந்த அதே இணைப்பில் செருகினார். அடுத்த நிமிடம் வீடு இருண்டது.

உணவு ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தது, ஆனால் மிக நன்றாக இருந்தது. இரவு பதினொரு மணிக்கு அவர் கடைசிப் பாத்திரத்தையும் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு, அடுப்பு மேடையை நாங்கள் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலை தளம் என்னிடம் நட்சத்திரம் கேட்டது. ஐந்து கொடுத்தேன். நடந்த பிழை அவருடையது அல்ல. அதற்குப் பொறுப்பான தளத்துக்கு மதிப்பெண் போட அங்கே இடம் இல்லை.

இத்தகைய தளங்களைப் பற்றிய என் கருத்து அந்த ஒரு மாலையில் உருவானதன்று. அதற்குப் பின் வேறு சில முறையும் பயன்படுத்திப் பார்த்தபின் உறுதியானது. அவை விற்பது ஓர் அறிமுகம். அதை நன்றாகவே செய்கின்றன. ஆனால் அறிமுகத்துக்குப் பிந்திய ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் கமிஷன் பிடிக்க வேண்டுமானால், அந்தந்த முறையும் அதற்கு ஈடான ஒரு வேலையைத் தளம் செய்தாக வேண்டும். பெரும்பாலானவை செய்வதில்லை. செய்யாததை மறைக்கத்தான் அரட்டைப் பெட்டியில் தொலைபேசி எண்களை அழிப்பது, தொடர்பு விவரம் பகிர்ந்தால் கணக்கு முடக்கப்படும் என்று மிரட்டுவது போன்ற காவல் வேலைகள்.

இந்தத் தொழிலின் சிறு வரலாறே இதைச் சொல்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிச்சிட், நியூயார்க்கில் தொடங்கிய கிச்சன்சர்ஃபிங் ஆகிய இரண்டும் முதலீட்டாளர்களின் பணத்தோடு இதே கனவைத் துரத்தியவை. இரண்டுமே 2016இல் மூடப்பட்டன. கிச்சன்சர்ஃபிங், விசேஷ நாள் விருந்து மட்டும் போதாது என்று உணர்ந்து, வார நாள் இரவுகளில் செஃப் வந்து விரைவாகச் சமைத்துவிட்டுப் போகும் சேவைக்கு மாறிப் பார்த்தது. அதுவும் அதைக் காப்பாற்றவில்லை. மறுபக்கம், மாட்ரிட்டில் தொடங்கிய டேக் எ செஃப் பல நாடுகளில் இயங்கிவருகிறது. 2025 மே மாதம், பயணிகள் தங்க வீடு பதிவு செய்யும் தளமான ஏர்பிஎன்பி தன் சேவைகள் பட்டியலில் செஃப்களையும் சேர்த்தது. வெளியூர் வந்து ஒரு வீட்டில் சில நாள் தங்குபவருக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது, அவர் மறுபடி வரப்போவதும் இல்லை. அறிமுகம் மட்டுமே தேவைப்படும் வாடிக்கையாளர் அவர்தான் என்பதால், அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

உள்ளூர்க்காரரின் கணக்கு வேறு. ஆண்டுக்கு ஒரு முறை விருந்து வைப்பவரால் தளத்துக்குப் பெரிய வருமானம் இல்லை. மாதம் இரு முறை அழைப்பவரோ, மூன்றாம் முறை செஃபின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராகப் பேசிக்கொள்கிறார். வந்து போகிறவர் லாபம் தரமாட்டார், லாபம் தரக்கூடியவர் தங்கமாட்டார். வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பும் தளங்களும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவைதான். இதை வாடிக்கையாளரின் துரோகம் என்று தளங்கள் அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்த ஒருவரோடு ஏற்படும் பழக்கம் தளத்துக்குச் சொந்தமானதா என்ன?

தலைக்கு இவ்வளவு என்ற விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் என் வருத்தத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. நமக்குத் தெரிவது மேசையில் கழியும் இரண்டரை மணி நேரம் மட்டுமே. அதற்கு முன் மெனுவைப் பற்றிய கடிதப் போக்குவரத்து, காலையில் சந்தைக்குச் செல்லுதல், ஒரு பொருள் கிடைக்காதபோது இன்னொரு கடைக்கு ஓடுதல், கத்தி முதல் பலகைவரை மூட்டை கட்டிக்கொண்டு பயணம், வந்து இறங்கியபின் இரண்டு மணி நேர ஆயத்தம். அதற்குப் பின் கழுவுதல், துடைத்தல், குப்பையைக் கட்டி வெளியே வைத்தல். இருவருக்குச் சமைத்தாலும் எட்டுப் பேருக்குச் சமைத்தாலும் இவற்றில் பாதிக்கு மேல் குறையாது. ஆகவே தலைக்கணக்கு விலை, சிறு விருந்துகளில் செஃபை நட்டத்தில் தள்ளுகிறது, அல்லது குறைந்தபட்சக் கட்டணம் என்ற பெயரில் வாடிக்கையாளரைத் திகைக்கவைக்கிறது. மளிகைச் செலவும் அதே தொகைக்குள் அடங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். நல்ல மீன் வாங்கும் ஒவ்வொரு முறையும் அவர் தன் கூலியிலிருந்து வாங்குகிறார். நாள் கூலி தனி, பொருள் செலவு ரசீதோடு தனி, தளத்தின் பங்கு தனி என்று மூன்று வரிகளில் காட்டினால் யாரும் குழம்பப் போவதில்லை. அப்படிக் காட்டினால் மூன்றாவது வரியைப் பார்த்து நாம் கேள்வி கேட்போம் என்பதே தயக்கம் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்பு விஷயத்தில்தான் தளம் உண்மையாகவே உழைக்க இடம் இருக்கிறது. உணவகத்தின் சமையலறையை அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள். என் சமையலறையை யாரும் சோதிப்பதில்லை. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, குளிர்ந்தவை 5 டிகிரிக்குக் கீழும் சூடானவை 60 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விருந்து நாளில் பானப் புட்டிகளால் அடைத்து வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் திறக்கும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இதை எப்படிக் காப்பது? பெட்டியில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து வையுங்கள் என்று முன்தினம் ஒரு செய்தி அனுப்பினாலே போதும். எனக்கு எந்தத் தளத்திலிருந்தும் அப்படி ஒரு செய்தி வந்ததில்லை. தள்ளுபடிச் செய்திகள் மட்டும் தவறாமல் வருகின்றன.

ஒவ்வாமை விஷயமும் இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களாக 14 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2023 முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்திருக்கிறது. ஆயத்தமான பட்டியல்கள் இருந்தும், நான் பயன்படுத்திய தளத்தில் இருந்தது ‘சிறப்புக் குறிப்புகள்’ என்ற ஒரு வெற்றுப் பெட்டி மட்டுமே. அதில் ‘ஒருவருக்கு நிலக்கடலை ஆகாது’ என்று எழுதினேன். செஃப் கடலை இல்லாத மெனுவோடு வந்தார். ஆனால் எங்கள் வீட்டு மரப்பலகையில் முந்தைய நாள்தான் கடலை நறுக்கப்பட்டிருந்தது. வந்தவுடன் ‘இந்தப் பலகையில் என்ன வெட்டினீர்கள்?’ என்று கேட்டுவிட்டுத் தன் பலகையை எடுத்தார். அந்தக் கேள்வியைத் தளம் கேட்டிருக்க வேண்டும். கேட்டது அவருடைய அனுபவம், அதற்கும் சேர்த்துக் கமிஷன் வாங்கியது தளம்.

நட்சத்திரங்களை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். நம் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தவருக்கு மூன்று நட்சத்திரம் போட எவருக்கும் மனம் வராது. எனவே எல்லாரும் ஐந்துக்கு அருகில் நிற்கிறார்கள். அதற்குப் பதில், அதே வீட்டாரே மறுபடி அழைத்திருக்கிறார்களா, கடைசி நேரத்தில் எத்தனை முறை ரத்து செய்திருக்கிறார் என்பதைக் காட்டினால் உதவியாக இருக்கும். புகைப்படங்களில் தட்டை விட்டுவிட்டுத் தட்டுக்குப் பின்னால் தெரியும் சமையலறையைப் பார்க்கிறேன். சாதாரண வீட்டு அடுப்பு தெரிந்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது.

அன்றிரவு வாசலில் நின்று அந்தச் செஃபிடம் அவருடைய எண்ணைக் கேட்டேன். சற்றுத் தயங்கி, ‘தளத்திலேயே செய்தி அனுப்புங்கள், அதுதான் எனக்குச் சிக்கல் இல்லாதது’ என்றார். ஆகவே அடுத்த விருந்துக்கும் அதே தளத்தில், அதே கமிஷனோடு அவரையே பதிவு செய்தேன். இம்முறை பழைய தவறு நடக்கக்கூடாது என்று மின்னடுப்பின் உள் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்து அரட்டைப் பெட்டியில் எழுதி அனுப்பினேன். அவற்றைத் தொலைபேசி எண் என்று நினைத்துத் தளம் அத்தனை இலக்கங்களையும் நட்சத்திரக் குறிகளாக மாற்றிவிட்டது. எழுத்தால் எழுதி மறுபடி அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அவருடைய பதில் வந்தது: ‘உங்கள் அடுப்பு நினைவிருக்கிறது. இரண்டு பர்னருக்கு ஏற்றபடி மெனுவை மாற்றிவிட்டேன். வடிகட்டியை நானே கொண்டுவருகிறேன்.’