கோபால் மேல் எனக்குக் கோபம் இல்லை

1993இல் திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். "கோபால் படிக்கிறேன்" என்றதும், "யாருடா அது, வாத்தியாரா?" என்று கேட்டார் அப்பா. ஆள் இல்லை, COBOL என்ற கம்ப்யூட்டர் மொழி.

போன வாரம் ஆபீசில் ஒரு தம்பி அதே கோபாலைக் கிண்டலடித்தான். "ஒரு கூட்டலுக்கு 'ஆட் பேசிக் டு டி.ஏ. கிவிங் கிராஸ்' என்று கதை எழுதணுமா சார்?" கிண்டல் புதிதில்லை. இந்த மொழி மூளையை முடமாக்கும், இதைக் கற்பிப்பதே குற்றம் என்று கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1975லேயே எழுதிவிட்டார். அவர் மேதைதான். ஆனால் அவர் மளிகைக் கடைக்கு பில் போட்டவர் இல்லையே!

நான் போட்டேன். கோபால் பழசு என்று ஒதுக்கிவிட்டு, ஒரு மொத்த வியாபாரிக்கு சி மொழியில் பில்லிங் எழுதினேன். தொகைக்கு, புள்ளி வைத்த எண்களுக்கான 'ஃப்ளோட்' வகையை வைத்தேன். மாதக் கடைசியில் நாலு பைசா உதைத்தது. நாலே பைசா! அங்கிருந்த கணக்குப்பிள்ளை, "நாலு பைசாவா இருந்தா என்ன, நாலு லட்சமா இருந்தா என்ன, டேலி ஆகலை தம்பி" என்று பேரேட்டை மூட மறுத்துவிட்டார். இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

தப்பு கூட்டலில் இல்லை. மூன்றில் ஒன்றைப் பத்தடிமானத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா, அதேபோல் 0.1 என்பது கம்ப்யூட்டரின் இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும்) எழுதினால் முடியாமல் நீளும். எங்கேயோ வெட்டித்தான் ஆக வேண்டும். அதோடு, அந்த ஃப்ளோட் ஏழு இலக்கம் வரைதான் ஒழுங்காகப் பிடித்து வைக்கும். தொகை லட்சங்களில் ஏறினால் பைசா நழுவும். கோபாலில் 'பிக் 9(7)வி99' என்று எழுதினால் ஏழு இலக்கம் ரூபாய், இரண்டு இலக்கம் பைசா, அவ்வளவுதான். ஒவ்வொரு இலக்கத்தையும் பத்தடிமானத்திலேயே வைத்துக்கொள்ளும், நம் பேரேடு மாதிரி. இன்றைய மொழிகளிலும் இதற்கு வழி உண்டு. ஆனால் நாமாகத் தேடிப் போக வேண்டும். 1959இல் உட்கார்ந்து கோபாலை வடிவமைத்தவர்கள் அதை வாசலிலேயே வைத்திருந்தார்கள். கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் என்ற முந்தைய மொழியைப் பார்த்து எழுந்த மொழி அது. வியாபாரக் கணக்குக்கென்றே பிறந்தது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால் 'இஃப்' என்ற நிபந்தனை எங்கே முடிகிறது என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வரியின் ஏழாவது இடத்தில் என்ன, எட்டாவதில் என்ன என்று பஞ்ச் கார்டு (துளை அட்டை) காலத்து ஆசாரம் வேறு. அப்புறம், வருஷத்துக்கு இரண்டு இலக்கம் போதும் என்று இடம் மிச்சம் பிடித்த புண்ணியத்தில்தான் 2000 நெருங்கியபோது, '00' என்பதை 1900 என்று படித்துவிடாமல் திருத்த, என்னைப் போன்றவர்களுக்குச் சென்னையில் வேலையே கிடைத்தது. அதைக் குறையில் சேர்ப்பதா, வரவில் சேர்ப்பதா?

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர், கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்டபோது அந்தத் தம்பி காலேஜில் இருந்திருப்பான். அவனிடம் வாதாடவில்லை. பைத்தான் மொழியைத் திறந்து 0.1 + 0.2 போடச் சொன்னேன். 0.30000000000000004 என்று வந்தது.

"இது கோளாறா சார்?" என்றான்.

கணக்குப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். டீ ஆறிப்போனது.