கரண்ட் போனால் ஐபியும் போச்சு

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலை. பில் போடும் லினக்ஸ் கணினிக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் விலாசம், கொடுக்க வேண்டும். அதற்கான பழைய கட்டளை 'ஐஎஃப்கான்ஃபிக்' என்று அடித்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லையாம். சரி, இப்போதெல்லாம் 'ஐபி' என்ற கட்டளை தானே. நெட்வொர்க் கார்டுக்கு முன்பு ஈத்0 என்று லட்சணமாக இருந்த பெயர் இப்போது ஈஎன்பி3எஸ்0. அந்த 3 பஸ் எண்ணாம்; பஸ் என்றால் கணினிக்குள் தரவு ஓடும் பாதையாம். ஓசூர் பஸ்ஸா, சேலம் பஸ்ஸா?

ஒருவழியாக முகவரி கொடுத்து, இணைப்பைச் சோதிக்கும் பிங்கும் போனது. டீ குடித்துவிட்டு வந்தால், கரண்ட் போய் வந்திருக்கிறது. கொடுத்த முகவரி காணோம். அந்த 'ஐபி' கட்டளை போடுவது நினைவகத்தோடு சரி; கணினி அணைந்தால் போச்சு. நிலைக்க வேண்டுமென்றால் நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். அதில் ஒரு டேப் தட்டினால் போதும், பிழை என்று கத்தும். ஸ்பேஸாக எண்ணி எண்ணித் தட்டிக்கொண்டிருக்கிறேன், வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.