தியாகம் எண்டு சொல்லாதேங்கோ

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு லோலாவின்ர ஃபியூனரலுக்குப் போட்டு வந்தனான். லோலா எண்டா பிலிப்பீன்ஸ்காரர் அம்மம்மாவைக் கூப்பிடுற சொல்லு. டொரோண்டோவில எங்கட ஸ்காபரோ பில்டிங்ல ஒன்பதாம் மாடியில எல்லாருக்கும் அவா லோலாதான், என்ர பிள்ளையளுக்கும் லோலாதான். அங்க எழும்பிக் கதைச்ச எல்லாரும், ஃபாதர் உட்பட, ஒரே சொல்லைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவை, சாக்ரிஃபைஸ், தியாகம். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்தது. ரெண்டு மூண்டு நாளா யோசிச்சுப் போட்டுத்தான் இதை எழுதிறன், கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கோ.

அவா பிலிப்பீன்ஸ்ல இலோய்லோ எண்ட ஊரில டீச்சரா இருந்தவா. சம்பளம் காணாமல் 1992ல ஹொங்கொங் போய் வீட்டு வேலை, மூண்டு வருசத்தால அங்க இருந்து கனடா. வெளிக்கிடேக்க பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு நாலு. ரெண்டு பேரையும் தன்ர தாயோட விட்டிட்டு வந்து இஞ்ச வேற ஆரோ பெத்த ரெண்டு பிள்ளையளைக் குளிக்க வாத்து, சாப்பாடு தீத்தி, நித்திரையாக்கினவா.

அந்தக் காலத்தில வீட்டோட தங்கிப் பிள்ளை, வயசானவையைப் பராமரிக்கிற ஆக்களுக்கு இஞ்ச லிவ்-இன் கெயர்கிவர் புரோகிராம் எண்டு ஒண்டு இருந்தது, 1992ல தொடங்கினது. வேலை செய்யிற வீட்டிலயேதான் தங்கோணும், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரேலாது, மூண்டு வருசத்துக்குள்ள 24 மாசம் வேலை செய்து முடிச்சாத்தான் பிஆருக்கு (நிரந்தரமா இருக்கிற உரிமைக்கு) அப்ளை பண்ணலாம், அதுக்குப் பிறகு பேப்பர் எப்ப நகருதோ அப்பதான். முதலாளி வீட்டிலயே படுக்கிற மனுசி எத்தினை மணிக்கு வேலை முடிஞ்சுது எண்டு ஆரிட்டச் சொல்லுறது? இரவு பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை அழுதா அவாதானே எழும்போணும். வீட்டில தங்கியே ஆகோணும் எண்ட கட்டாயத்தை 2014லதான் எடுத்தவங்கள், அதுவும் சும்மா எடுக்கேல்ல, சனம் வருசக்கணக்கா றோட்டில நிண்டு கத்தினது. ஹுவானா தெஹாடாவை இஞ்ச கனபேருக்குத் தெரியாது. அவவும் பிலிப்பீன்ஸ்ல இருந்து வந்த கெயர்கிவர், செய்யவேண்டிய வேலையெல்லாம் செய்து முடிச்ச பிறகு கான்சர் எண்டு தெரியவந்ததும் பிஆர் தரேலாது எண்டிட்டாங்கள். போராடித்தான் 2008ல கிடைச்சது, 2009ல செத்துப்போனா. அவவாலதான் பிறகு வந்த கெயர்கிவர்மாருக்கு பிஆருக்கு எண்டு திருப்பி எடுக்கிற அந்த ரெண்டாவது மெடிக்கல் டெஸ்ட் இல்லாமல் போனது.

லோலா எனக்குச் சொன்ன கதையில ஒண்டு இண்டைக்கும் மனசை விட்டுப் போகேல்ல. பிள்ளையளுக்குச் சப்பாத்து அனுப்போணும், சைஸ் தெரியாது. அம்மம்மாக்காரி பிள்ளையளைக் கடதாசியில ஏத்தி நிக்கவைச்சு, பாதத்தைச் சுத்திப் பென்சிலால கோடு இழுத்துக் கடிதத்துக்குள்ள வைச்சு அனுப்புவா. லோலா ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு பாதர்ஸ்ட்-வில்சன் பக்கம் போய் (எங்கட தமிழ்ச் சனத்துக்கு மார்க்கம்-எக்லிண்டன் சந்தி மாதிரி பிலிப்பீன்ஸ்காரருக்கு அந்த இடம்) அந்தக் கடதாசியைக் கத்திரிக்கோலால வெட்டி சப்பாத்துக்குள்ள விட்டு விட்டுப் பாப்பாவாம். பேந்து அது பலிக்பாயன் பெட்டிக்குள்ள போகும், வெளிநாட்டில இருக்கிற பிலிப்பீன்ஸ்காரர் ஊருக்கு அனுப்புற சாமான் பெட்டி. பெரிய காட்போட் பெட்டி, டின் இறைச்சி, சவுக்காரம், சொக்லேட், துவாய், சப்பாத்துக்குள்ளகூட காலுறையைச் சுருட்டி அடைச்சு ஒரு விரல்கூட நுழையாத மாதிரி நிரப்புவினம். கப்பல்ல போய்ச் சேர ரெண்டு மாசம். கடிதம் வந்து, சம்பளம் வந்து, பெட்டி நிரம்பி, கப்பல் போய்ச் சேரேக்க பிள்ளையின்ர கால் வளந்திடும். "ஒருக்காலும் அளவா இருந்ததில்லை" எண்டு சொன்னவா.

பிள்ளையள் வந்து இறங்கினது 2000ல. பெரியவளுக்கு பதினஞ்சு வயசு. எயர்போட்டில மகன் தாயைப் பாத்து, பக்கத்தில நிண்ட சித்தியைப் பாத்து, இதில ஆர் அம்மா எண்டு தெரியாமல் நிண்டவனாம். 

இதைத்தான் நான் தியாகம் எண்டு சொல்லமாட்டன் எண்டுறன். தியாகம் எண்டா தன்ர கையால எடுத்துக் குடுக்கிறது. இது அவாட்ட இருந்து எடுத்தது. பிள்ளை பராமரிக்க ஆள் வேணும், ஆனா அந்த ஆளின்ர பிள்ளை வேண்டாம் எண்டு ஒரு நாடு சட்டம் போட்டு வைச்சிருந்தது. மற்றப் பக்கம் பிலிப்பீன்ஸ், 1974ல ஜனாதிபதி மார்க்கோஸ் காலத்தில இருந்து ஆக்களை வெளியில அனுப்புறதையே கொள்கையா வைச்சிருக்கிற இன்னொரு நாடு. 1988ல அப்ப ஜனாதிபதியா இருந்த கோரி அக்கினோ ஹொங்கொங் போய் அங்க வேலை செய்யிற பெண்களுக்கு நீங்கள்தான் புது வீரர்கள் எண்டு சொன்னவா. இண்டைக்கு வெளியில இருக்கிறவை அனுப்புற காசு வருசத்துக்கு 3000 கோடி டொலருக்கு மேல ஊருக்குப் போகுது. வீரர், தியாகி எண்டு பேர் வைச்சிட்டா பேந்து ஆரும் கணக்குக் கேக்கத் தேவையில்லை. ஸ்பொன்சருக்கு வருசக்கணக்காக் காத்திருந்த எங்கட சனத்துக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, எங்கட அம்மாமாருக்கும் நாங்கள் இதே சொல்லைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறம்.

லோலா பேந்து நேர்சிங் ஹோம்ல பதினெட்டு வருசம் நைட் ஷிஃப்ட் செய்தவா. காலையில வந்து பேரப்பிள்ளையளை ஸ்கூலுக்கு அனுப்பிப் போட்டுத்தான் படுப்பா. அதுகள் வீட்டுக்குள்ள வந்த உடனே மரியாதைக்கு அவான்ர கையை எடுத்துத் தங்கட நெத்தியில வைக்குங்கள், பாத்துப் பாத்து என்ர சின்னவளும் போய் வைப்பாள். என்ர அம்மாவும் அவாவும் கதைக்க ஒரு பாஷையும் இல்லை. ஒருநாள் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டு இருக்கேக்க லோலா வாசல்ல நிண்டு "மலுங்கை!" எண்டு கத்தினா, அம்மா "ஓம் ஓம், முருங்கை" எண்டா. அதோட தொடங்கினதுதான். அண்டைக்கு இருந்து தமிழ்க் கடையில ரெண்டு கட்டு வாங்கிறது. அவா கோழி சூப்புக்குள்ள இஞ்சியும் பப்பாசிக்காயும் போட்டு இந்த இலையைப் போடுவா, அம்மா நண்டுக்குள்ள போடுவா, கிண்ணம் இஞ்சயும் அங்கயும் போய் வரும்.

ஃபியூனரல் முடிஞ்சு அம்மா நேர வீட்டை போய் முழுகோணும் எண்டு நிண்டவா. லோலாவின்ர மகள் விடேல்ல, செத்தவீட்டால நேர வீட்டை போகக்கூடாதாம், எங்கயாவது ஒருக்கா நிண்டு போகோணுமாம், பக்பக் எண்டு சொல்லுவினமாம். டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில போய் இருந்தம். அங்கதான் அவள் எனக்குச் சொன்னாள்: "அம்மா கஷ்டப்பட்டது எனக்குத் தெரியும். ஆனா நான் பெரியபிள்ளையாகேக்க அவா பக்கத்தில இல்லை. அதுக்கு நான் இப்பவும் கோவமாத்தான் இருக்கிறன், ஆனா அது அம்மாவோட இல்லை."

பேந்து லோலா வீட்டை வந்து பாத்தா, ஹோல் மூலையில பாதி நிரம்பின பெட்டி ஒண்டு. இலோய்லோவில இருக்கிற தங்கச்சியின்ர பேரப்பிள்ளையளுக்கு லோலா கட்டிக்கொண்டு இருந்தது. சின்ன வயசில இந்தப் பெட்டியளைக் கண்டாலே வெறுப்பு எண்டு சொன்ன மகள் நிலத்தில இருந்து காலுறையைச் சுருட்டிச் சுருட்டிச் சப்பாத்துக்குள்ள விட்டாள். என்ர அம்மா ஒண்டும் கதைக்கேல்ல, வீட்டை போய் ரெண்டு பெரிய துவாய் எடுத்துக்கொண்டு வந்து இடைவெளிக்குள்ள வைச்சு அமத்தினா. நான் டேப் ஒட்டினன். வெள்ளிக்கிழமை பெட்டி எடுக்க வருவினம்.